காது பார்க்காத கித்தாக் கொட்டை

மன்னிக்கத் தெரியாத ஆள் நான். பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. சிலருக்கு இழுப்பு இருப்பது போல எனக்கு இது இருக்கிறது. இடது முழங்கைக்கு இரண்டு விரல் கீழே, கையின் உள்பக்கம், நீள்வட்டமாக ஒரு தழும்பு உண்டு. எஸ்டேட்டில் வளர்ந்தவர்கள் பார்த்ததுமே கித்தாக் கொட்டை என்று சொல்லிவிடுவார்கள். கித்தா மரம் என்றால் ரப்பர் மரம். அதன் கொட்டையைச் சிமெண்டில் வேகமாகத் தேய்த்தால் விரலால் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அதை அடுத்தவர் தோலில் வைத்து அழுத்துவதற்குப் பெயர் சூடு வைப்பது. பத்து வயதில் எனக்கு அப்படிச் சூடு வைத்தவளை, முப்பத்து நான்கு வருஷம் கழித்து, குனோங் ராபாட்டில் நாங்கள் குடியிருக்கும் தாமானின் பொது மண்டபத்தில் பார்த்தேன். துணியில் செய்த மேப்பிள் இலைகளை மேசைமேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று பள்ளி விடுமுறையின் முதல் திங்கட்கிழமை. தாமானின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. 'இலையுதிர் கால விடுமுறைக் கொண்டாட்டம். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. ஐந்து நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.' இலை அச்சு, காகித ஆந்தை, பரங்கிக்காய் சூப், இன்னும் என்னென்னவோ. கோலாலம்பூரிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு டீச்சர் நடத்துகிறார் என்று போட்டிருந்தது. இந்த ஊரில் இலை உதிரும் காலம் என்று ஒன்று இருந்தால் அது கித்தா மரத்துக்குத்தான், அதுவும் தைப்பூசத்தை ஒட்டி. இப்போது உதிர்வது கொட்டை. என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் வைத்திருந்தால் கைப்பேசியைத் தின்றுவிடுவாள். நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் அந்த வாரம் எனக்கு லீவு பாக்கி இருந்தது. சரி, போய்த் தொலையட்டும் என்று பெயர் கொடுத்தேன்.

மண்டபத்துக்கு வெளியே வாதுமை மரம் சிவப்பும் மஞ்சளுமாக இலையைக் கொட்டி வைத்திருந்தது. பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு உள்ளே போய், கடையில் வாங்கிய துணி இலைக்குச் சாயம் பூசினார்கள். நான் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து இதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் டீச்சர் திரும்பினாள். இடது புருவத்தின் நடுவில் ஒரு இடைவெளி. அப்பாவின் மோட்டாரிலிருந்து விழுந்து கிழிந்த இடத்தில் அப்புறம் முடி முளைக்கவே இல்லை. அந்தப் புருவத்தை நான் ஆயிரம் தடவை மனசுக்குள் சபித்திருக்கிறேன். 

அவள் எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதிய கிராணியின் மகள். இந்தக் கதை முழுக்க அவளை நான் அப்படித்தான் அழைக்கப் போகிறேன். டீச்சர் என்று மரியாதையாக எழுத என் கை வரவில்லை.

அவள் ஒவ்வொரு அம்மாவாக நின்று பேசிக்கொண்டு வந்தாள். என்னிடமும் வந்தாள்.

"வாங்கக்கா, பசியாறிட்டீங்களா? உங்க மகதானே அது? நல்லா வரையிறா லா."

என்னைவிட ஒரு வயது மூத்தவள் என்னை அக்கா என்கிறாள். நான் தலையாட்டினேன். அவள் பார்வை என் கையில் விழுந்தது.

"என்னாக்கா இது, கையில? எண்ணெய் தெறிச்சிருச்சா?"

அந்த நொடியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக, குளிக்கும்போதும் மாவு பிசையும்போதும் மருந்துப் பொட்டலம் கட்டும்போதும் என் கண்ணில் படுகிற தழும்பு. அதை வைத்தவள் அதைக் குனிந்து பார்த்து, எண்ணெயா என்று கேட்கிறாள். நடிக்கவும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே நினைவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. அவள் மறைத்திருந்தால்கூட எனக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும்.

"சின்ன வயசுல பட்டது" என்றேன்.

"ஓ, பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அம்மாவிடம் போனாள்.

பாவமாம். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இவளை விடப் போவதில்லை என்று.

*

எங்கள் எஸ்டேட் சுங்கை சிப்புட் பக்கம். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதல் வீட்டு வாசலில் நின்றால் கிராணி பங்களாவின் பின்வாசல் தெரியும். பள்ளி லீவு விட்டால் எங்களுக்கு எந்த முகாமும் கிடையாது. கொட்டை விழும் மாதம் என்றால் கொட்டை, அவ்வளவுதான். வெயில் ஏறியதும் காட்டுக்குள் பட்பட்டென்று காய் வெடிக்கும். கொட்டை தெறித்து வந்து கூரைத் தகரத்தில் விழும். நாங்கள் பால் வாளியோடு ஓடுவோம்.

விளையாட்டு சாதாரணமானது. ஆளுக்கு ஒரு கொட்டை. ஒன்றைச் சிமெண்டுத் தரையில் வைத்து, அதன் முதுகில் மற்றதை நிறுத்தி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி ஒரே அடி. எது உடைகிறதோ அது தோற்றது. ஜெயித்த கொட்டை எத்தனையை உடைத்தது என்று எண்ணிக்கொண்டே வருவோம். இருபதை உடைத்துவிட்டால் அது ராஜா. அதற்கு மேல் அதை யாரும் அடிக்கக் கூடாது. அதன் சொந்தக்காரி அந்த லீவு முழுக்க நடுவராக இருக்கலாம். தண்ணீர்த் தொட்டித் திட்டின்மேல் உட்கார்ந்து, கால்களை ஆட்டிக்கொண்டு, 'அடி' என்று சொல்லலாம். அந்த வயதில் இதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு சட்டம் உண்டு. அதற்குக் காது பார்ப்பது என்று பெயர். அடிக்கும் முன்பு எதிராளியின் கொட்டையை வாங்கி, காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். காய்ந்த கொட்டைக்குள் பருப்பு சுருங்கி, சலங்கை மாதிரி மெல்ல ஆடும். சத்தம் வந்தால் நல்ல கொட்டை. சத்தம் இல்லை என்றால் உள்ளே யாரோ கைவேலை செய்திருக்கிறார்கள். பருப்பை நோண்டி எடுத்துவிட்டு மெழுகை உருக்கி ஊற்றினால் கொட்டை கல்லாகிவிடும், உடையவே உடையாது. அதனால்தான் காது பார்க்காமல் யாரும் யாரோடும் அடிப்பதில்லை. உடன்பிறந்தவர்களாக இருந்தாலும் அப்படித்தான்.

என் கொட்டை பத்தொன்பதை உடைத்திருந்தது. முதுகில் குதிரை லாடம் போல ஒரு கறுப்புக் கோடு உள்ள கொட்டை. தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவேன். இருபதாவதாக அடிக்க வந்தவள் கிராணி மகள். எங்களோடு விளையாட அவள் வருவதே அபூர்வம். கவுன் போட்டு, ரிப்பன் கட்டி, செருப்போடு வந்தாள்.

நான் கையை நீட்டினேன். "குடு, காது பாக்கணும்."

அவள் கொட்டையை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என்னையா பாக்கணும்? எங்கப்பா யாருன்னு தெரியும்ல?"

சுற்றி இருந்த பிள்ளைகள் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். நானும் கையை மடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். ஒரே அடி. என் கொட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அதுல மெழுகு இருக்கு!" என்று கத்தினேன். அவள் ஓடவில்லை. குனிந்து, அதே கொட்டையைத் திட்டில் தேய்க்க ஆரம்பித்தாள். கர்ர் கர்ர் என்று. அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்த இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்தார்கள். கொட்டையை வைத்து அழுத்திக்கொண்டு நிதானமாக எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. "பொய் சொன்னா சூடு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முந்தின நாள் என் கொட்டைக்காகக் கைதட்டிய அதே பிள்ளைகள்.

கொப்புளம் உடைந்து, சீழ் வைத்து, ஆறுவதற்கு ஒரு மாதம் ஆனது. அது போகட்டும். அன்று சாயங்காலமே விஷயம் கிராணி வீட்டு அம்மா காதுக்குப் போய்விட்டது, நான் அவள் மகளைத் திருடி என்று சொன்னதாக. என் அம்மா கித்தா மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த களைப்போடு, கையைக்கூடக் கழுவாமல், என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் பங்களாவின் பின்வாசலில் நிறுத்தினார். விடியற்காலையில் ஆள்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிடுபவர் கிராணி. அவர் நினைத்தால் எங்கள் அம்மாவைப் பால் சுரக்காத மேட்டு மலைக்கு அனுப்ப முடியும்.

"மன்னிப்புக் கேளு."

"நான் பொய் சொல்லலம்மா."

"கேளுன்னு சொன்னேன்."

கேட்டேன். உள்ளே இருந்து கிராணி மகள் வாழைப்பழம் தின்றுகொண்டு பார்த்தாள். திரும்பி வரும் வழியில் அம்மா என் கைக்கு ஊதிவிட்டார். ஆனால் நீ சொன்னது உண்மை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாகும் வரை சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து நான் கிராணி மகள்மேல்தான் கறுவிக்கொண்டிருந்தேன்.

*

செவ்வாய்க்கிழமை ஆந்தை. முட்டை அடுக்கும் அட்டையில் கண் வைத்து ஆந்தை செய்து, வீட்டு வாசலில் மாட்டச் சொன்னாள். எந்தத் தமிழ் வீட்டில் வாசலில் ஆந்தையை மாட்டுவார்கள்? எனக்குப் பக்கத்தில் இருந்த, சிலிபினிலிருந்து தன் தங்கையின் பிள்ளைகளை அழைத்து வந்திருந்த ஒரு அக்கா, "ஆத்தாடி, இத கொண்டு போனா எங்க மாமியா என்னையத் தூக்கி லோங்காங்ல போட்டுரும்" என்று முனகினார். லோங்காங் என்றால் சாக்கடை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலையாக இருந்தேன். எங்கே அடித்தால் இவளுக்கு வலிக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அதை அவளே கொண்டு வந்து கையில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள், வெளிநாட்டில் இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் ஏதோ ஒரு கொட்டையைக் கயிற்றில் கட்டி மோதவிட்டு விளையாடுவார்களாம். அதுதான் பெரிய போட்டி. ஆனால் அந்தக் கொட்டை இங்கே கிடைக்காது, என்ன செய்வது என்று அம்மாக்களைக் கேட்டாள்.

நான் கை தூக்கினேன். "கித்தாக் கொட்டை இருக்கே. நான் கொண்டாரேன்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "அடடா! ஐயோ, எத்தன வருஷம் ஆச்சு! பிள்ளைங்களா, டீச்சர் எஸ்டேட்ல வளந்தவதான். கித்தாக் கொட்டையில டீச்சர யாரும் ஜெயிச்சதே இல்ல, தெரியுமா? வெள்ளிக்கிழம யாரு ஜெயிக்கிறாங்களோ, அவங்க கடைசியா டீச்சரோட அடிக்கணும். சரியா?"

பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். யாரும் ஜெயித்ததே இல்லையாம். என் கொட்டையும் அந்தப் பெருமைக்குள் ஒன்றாகக் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பல் கூசியது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானமே மகளைக் காடியில் ஏற்றிக்கொண்டு பழைய எஸ்டேட்டுக்குப் போனேன். லயம் இல்லை. தொட்டி இல்லை. பங்களா இருந்த இடம் வரைக்கும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தார்ச் சடக்கு ஓரத்தில், கோயில் நிலம் என்று விட்டுவைத்த இடத்தில் மட்டும் ஏழெட்டுக் கித்தா மரம் கிழடு தட்டி நின்றது. கீழே கொட்டை குவிந்து கிடந்தது. பொறுக்க ஒரு பிள்ளை இல்லை.

மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். ஆண் கொட்டை என்று நாங்கள் சொல்வது எது, தட்டை எது, எந்த முதுகு தாங்கும், கையின் எந்த இடத்தால் அடிக்க வேண்டும். காது பார்ப்பதை முக்கியமாகச் சொன்னேன். "யாரா இருந்தாலும் பாக்கணும். ராசாவே வந்தாலும் குடுன்னு கேக்கணும். கேக்க வெக்கப்பட்டா போச்சு." தழும்பைக் காட்டி, இது யார் வைத்தது என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் ஒரு மணி நேரம் குந்தி உட்கார்ந்து, நூறு கொட்டையாவது குலுக்கிப் பார்த்திருப்பாள். கடைசியில் ஒன்றை எடுத்தாள். சின்னது, அழகில்லாதது, ஒரு பக்கம் சப்பை. "இதும்மா. இதான் நல்லா பேசுது" என்றாள். இன்னும் பெரிதாக எடு என்றேன். மாட்டேன் என்றாள். மூன்று நாளும் அதைப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருந்தாள். தூங்கும்போது தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. வியாழக்கிழமை அவள் பரங்கிக்காய் சூப் குடிக்கப் போயிருந்தபோது, நான் வீட்டில் இருந்து வேலையைப் பார்த்தேன். ஏறக்குறைய அதே அளவில், அதே சப்பையில் ஒரு கொட்டையைத் தேடி வைத்திருந்தேன். ஊக்கு முனையால் தலைப்பக்கம் துளை போட்டு, கொண்டை ஊசியால் பருப்பைத் துணுக்குத் துணுக்காக எடுத்தேன். கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியை உருக்கி, மருந்து ஏற்றும் ஊசிக் குழாயால் ஊற்றினேன். துளைமேல் காப்பித்தூளைக் குழைத்துப் பூசினேன்.  அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையை நான் கிளினிக்கில்கூடச் செய்ததில்லை.

மகள் தோற்றுவிடுவாள் என்ற பயம் இல்லை எனக்கு. கிராணி மகள் ஜெயித்துவிட வாய்ப்பே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அவள் அன்றைக்கு எனக்கு விட்டுவைத்த வாய்ப்பு எவ்வளவோ, அதே அளவுதான் அவளுக்கும்.

*

வெள்ளிக்கிழமை மண்டபத்து வராந்தாவில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். கிராணி மகள் காது பார்க்கும் சட்டத்தைச் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். வெட்கமே இல்லாமல் சொல்லிக் கொடுத்தாள்.

என் மகள் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் எதிராளியின் கொட்டையைக் கேட்டு வாங்கிக் குலுக்கினாள், தன்னுடையதையும் நீட்டினாள். ஜெயித்ததும் தன் கொட்டையை மறுபடி காதில் வைத்து, உள்ளே ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுக்கொள்வாள். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு பழக்கம் அது. பத்தாவது வயதில் நானும் அதைத்தான் செய்தேன். பதினொரு கொட்டை உடைந்தது. அந்தச் சப்பைக் கொட்டைக்கு ஒரு கீறல் இல்லை.

இனி டீச்சரோடு. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். நான் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"குடு, துடச்சித் தாரேன். கையெல்லாம் வேர்வை."

கொடுத்தாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? சேலைத் தலைப்புக்குள் துடைத்தேன். திருப்பிக் கொடுத்தது மெழுகுக் கொட்டை. அவளுடையதை வராந்தாவை ஒட்டி ஓடிய லோங்காங்கில் நழுவவிட்டேன். கையில் இரண்டு கொட்டையோடு யாரும் என்னைப் பிடித்துவிடக் கூடாது என்று அந்த நேரத்தில் தோன்றியது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

மகள் கிராணி மகளின் கொட்டையை வாங்கிக் குலுக்கினாள். தலையாட்டினாள். பிறகு நான் சொல்லிக் கொடுத்தபடி, தன் கொட்டையை நீட்டினாள்.

"டீச்சர், நீங்க காது பாக்கணும்."

எல்லாவற்றையும் கணக்குப் போட்ட நான் இதை மட்டும் யோசித்திருக்கவில்லை. கிராணி மகள் என் மகளின் கன்னத்தைத் தட்டினாள்.

"உன்னையப் பாக்கணுமா? வேணாம் லா. டீச்சர் உன்னைய நம்புறேன். அடி."

மகள் அடித்தாள். கிராணி மகளின் கொட்டை நெற்றுத் தேங்காய் மாதிரி பிளந்தது. மண்டபமே கைதட்டியது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம், தோற்ற முகம். அவள் சிரித்தாள். என் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். ஒரு துளி வருத்தம் இல்லை. தோற்றதாகவே அவளுக்குப் படவில்லை.

எனக்கு அதைப் பார்த்து ஆத்திரப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. கீழே இறங்கிய மகள், பழக்கப்படி, ஜெயித்த கொட்டையைக் காதில் வைத்தாள். குலுக்கினாள். மறுபடி குலுக்கினாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நிமிர்ந்து என்னைத் தேடினாள். கிராணி மகள் அதைக் கவனித்துவிட்டாள். மெல்ல அந்தக் கொட்டையை வாங்கி, தன் காதில் ஒரு முறை வைத்துப் பார்த்தாள். நகத்தால் காப்பித்தூளைச் சுரண்டினாள்.  கொட்டையை மகளின் கையிலேயே வைத்து மூடி, துணி இலையில் செய்த கிரீடத்தை அவள் தலையில் மாட்டி, "நம்ம ராணிக்கு எல்லாரும் கை தட்டுங்க" என்றாள்.

என் பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம். பெருந்தன்மை காட்டுகிறாளாம். அதைவிட நாலு பேர் முன்னால் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பிள்ளைகள் பிஸ்கட் வாங்கப் போனதும் நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பினாள். தழும்பைப் பார்த்தாள். புருவம் சுருங்கி, அந்த இடைவெளி மறைந்தது.

"அந்தப் புள்ளையா நீ?"

நான் கையை இழுத்தேன், அவள் விடவில்லை.

"அன்னைக்கு என் கொட்டையில மெழுகு இல்ல." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நெசமாலுமே இல்ல. உன் காதுல காட்டியிருக்கலாம். காட்டல. கிராணி மகள்ங்கிற திமிரு, வேற என்னா."

"சூடு?"

"கொட்டையத் திட்டுல தேச்சி வச்சிருக்கேன்னு இப்பத்தான் ஞாபகம் வருது. மூணு வரைக்கும் எண்ணுனேன்ல?" என் கையை விட்டாள். "அதுக்கு என்னா சொல்றதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டேன். அவள் எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

கிராணி மகள் சொன்னதை நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. நம்பினால், எங்கள் இருவரில் ஏமாற்றியவள் நான் ஒருத்திதான் என்று ஆகிவிடும். அதை ஒத்துக்கொள்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

*

காடியில் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். கிரீடம் மடியில் கிடந்தது.

"என் கொட்ட எங்கேம்மா?"

பொய் சொல்ல வாய் வந்தது. கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லோங்காங்ல விழுந்துருச்சு."

"விழுந்துச்சா, போட்டீங்களா?"

"போட்டேன்."

"அது பதினொண்ணு ஒடச்சிருந்துச்சு" என்றாள். "டீச்சரையும் அதே ஒடச்சிருக்கும்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானப்படுத்தத் தெரியும். எங்கள் வீட்டுத் தெரு வரும்வரை மலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து சோறு வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தேன். முன்வாசலிலிருந்து சத்தம் வந்தது. கர்ர் கர்ர் கர்ர். காடி நிறுத்தும் சிமெண்டுத் தரையில் யாரோ எதையோ தேய்க்கிற சத்தம். முப்பத்து நான்கு வருஷம் கேட்காத சத்தம், முதல் இழுப்பிலேயே புரிந்துவிட்டது. அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. மண்டபத்தில் எங்கள் பேச்சைக் கேட்டதிலிருந்து அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

ஓடி வந்தாள், கொட்டையைச் சட்டை நுனியில் பிடித்துக்கொண்டு.

"கைய நீட்டுங்கம்மா."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு நீட்டினேன். இடது கையை அவள் தள்ளிவிட்டாள். "அது இல்ல. அதுல டீச்சர் வச்சது இருக்கு. அடுத்த கை." வலது கையை நீட்டினேன். முழங்கைக்கு இரண்டு விரல் கீழே, சரியான இடம் பார்த்து வைத்தாள். உருகிய மெழுகு வாசனை வந்தது. சுரீரென்று ஏறியது. கையை இழுக்கவில்லை. யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிதானமாக எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு.

எடுத்ததும் அந்த இடத்தில் ஊதிவிட்டாள். என் அம்மா ஊதிய மாதிரியே. பிறகு கொட்டையைக் கழுவி, துடைத்து, பென்சில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

"இன்னுமா கோவம்?" என்று கேட்டேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் எனக்குப் பிறந்தவள். இதை அவள் மறக்க மாட்டாள்.